பத்தாம் வகுப்பில் நின்றுபோன மதிப்பெண்

2021-ல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது மதிப்பெண்ணை ஒரு சூத்திரம் தீர்மானித்தது: பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. என் கணக்கு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில்தான் அவள் அப்பா இறந்தார். பிளஸ் டூவிலோ தொகையிடல் கணக்கைக் கரும்பலகையில் மூன்றே வரியில் முடித்துவிட்டு, சாக்பீஸ் படிந்த விரல்களோடு திரும்பிப் பார்ப்பாள். அவள் மதிப்பெண்ணில் பாதியை அந்தத் துக்க ஆண்டு தீர்மானித்தது.

ஆனாலும் அந்தச் சூத்திரத்தை நான் முற்றாகப் பழிக்கமாட்டேன். ஒரு தாளை எடுத்து அவளாலேயே கூட்டிப் பார்க்க முடிந்தது. நிறைவில்லாதவர்கள் பின்னர் தேர்வு எழுதவும் வழி இருந்தது.

இங்கிலாந்தில் 2020-ல் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கும் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் ரத்தாகியிருந்தது. அதற்கு ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் ஏறக்குறைய 39 சதவீதத்தைக் கணினி குறைத்தது. பள்ளியின் பழைய தேர்ச்சியை வைத்து இந்த ஆண்டுப் பிள்ளையை அளந்தது. ஐந்து பேருக்கு மிகாத பாடப்பிரிவில் மட்டும் ஆசிரியர் சொன்னதே நின்றது. அத்தனை சிறிய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தானே அதிகம்! பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13-ல் வந்த முடிவு 17-ல் கைவிடப்பட்டது.

என் மாணவி தெருவில் இறங்கவில்லை. கணக்குப் போட்ட தாளை என் மேசையில் வைத்தாள். "கூட்டல் சரிதான் சார். இந்த ஆண்டு நான் படித்தது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.