வட ஆர்க்காட்டு நெல்வயலும் வளர்ச்சிப் பொருளியல் வகுப்பும்

வேலூர்க் கல்லூரி ஒன்றில் வளர்ச்சிப் பொருளியல் நடத்தும் நான், 1990-இல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அடங்கும் என்பதை விரைவாகச் சொல்லி முடித்துவிட்டு, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்துவிடுவேன்.

பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 போன்ற, அதிக விளைச்சல் தரும் குட்டை நெல் ரகங்களால் ஏழைகளுக்குப் பயன் உண்டா என்று பல நாடுகளிலும் வாதம் நடந்தபோது, கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1973-74-இல் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் கணக்கெடுத்து, புதிய நெல் அவ்வளவாகப் பரவவில்லை என்று ஐயத்தோடு எழுதினார்கள். சுமார் பத்தாண்டு கழித்து அவ்வூர்களில் மறுபடியும் ஆய்வு நடந்தபோது, நெற்பரப்பில் பெரும்பகுதியைப் புதிய ரகங்கள் பிடித்திருந்தன. சிறு விவசாயிகளின் வருமானமும் நிலமற்ற கூலிகளின் வருமானமும் உயர்ந்திருந்தன. ஓராண்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதும் அறிக்கைகளை (இன்றும் அவற்றுக்குக் குறைவில்லை) நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

“தாத்தா மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறு வறண்டு, போர் போட்டும் தண்ணீர் வரவில்லையே சார், அது எந்தக் குறியீட்டில் வரும்?” என்று ஆரணிப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டார். மனித மேம்பாட்டுக் குறியீட்டில் அதற்கு இடமில்லை. விளைச்சலைக் கூட்டிய பம்புசெட்டுதான் நீர்மட்டத்தையும் இறக்கியது என்பதை அடுத்த வகுப்பு முழுவதும் பேசினோம். பாடத்திட்டத்தில் அதுவும் இல்லை.