டாலர் தொண்ணூறுங்க: சிங்கப்பூர் போகாத மூன்று நாட்கள்

கொடுமணலிலிருந்து திருப்பூருக்குள் நுழைந்ததும், காலையில் 2,200 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட வாடகைக் கார் ஓட்டுநர் 2,800 ரூபாய் கேட்டார். காரணம் கேட்டதற்கு, "டாலர் தொண்ணூறு ஆயிடுச்சுங்களே, டீசலுக்கு எங்க போறதுங்க?" என்றார். டாலருக்குப் பயந்துதான் சிங்கப்பூர் பயணத்தைக் கைவிட்டு உள்ளூரைச் சுற்றக் கிளம்பியிருந்தேன் என்பதால், அந்த விடையைக் கேட்டுச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று ஒரு நொடி தெரியவில்லை.

சிங்கப்பூர்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் திட்டம் போட்டபோது சிங்கப்பூர் டாலர் 63 ரூபாய் அளவில் இருந்தது. நானும் மனைவியும் ஐந்து நாள் தங்கவும் சாப்பிடவும் 1,500 டாலர் என்று வைத்து, 94,500 ரூபாய் எனக் குறித்துக்கொண்டேன். டிசம்பர் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்கு எதிராக ரூபாய் 90-ஐத் தாண்டியபோது, சிங்கப்பூர் டாலர் 69-ஐக் கடந்துவிட்டிருந்தது. இதில் ரூபாய் இறங்கியது பாதிக் கதைதான். அந்த ஊர்ப் பணமும் அதே ஆண்டில் அமெரிக்க டாலருக்கு எதிராக வலுத்ததால் நமக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. கோயம்புத்தூரில் பணம் மாற்றும் கடைக்காரர், செய்தித்தாளில் வரும் விலையில் யாருக்கும் பணம் கிடைப்பதில்லை என்று பொறுமையாக விளக்கிவிட்டு 71 என்றார். அதே 1,500 டாலருக்கு 1,06,500 ரூபாய். கடன் அட்டையைத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்றால், பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவின் மீது 3.5 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு, அந்தப் பிடித்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடுகின்றன. ஒரு கோப்பைக் காப்பி கூடக் குடிப்பதற்கு முன் கையைவிட்டுப் போகும் பன்னிரண்டாயிரத்தைக் கொங்கு நாட்டிலேயே செலவழிப்போம் என்று முடிவெடுத்தோம்.

கோபியிலிருந்து ஈரோட்டுக்கு வந்த பேருந்தைப் பற்றிச் சொல்ல, சன்னல் மூடாததையும் இருக்கை கழன்றிருந்ததையும் தவிர எதுவுமில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழக அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அமெரிக்க டாலர் அப்போது 64 ரூபாயை ஒட்டி இருந்தது. ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையம் போன நகரப் பேருந்தில் மனைவிக்குச் சீட்டே இலவசம். உலகில் எந்தப் பணம் விழுந்தாலும் எழுந்தாலும் அசையாத ஒரே செலவு இதுதான் என்று அவள் அன்று முழுவதும் என்னிடம் பெருமை பேசினாள்.

பள்ளிபாளையத்தில் மதியம் சாப்பிட்ட கோழி வறுவலுக்காக மட்டுமே இந்தப் பயணத்தை மீண்டும் செய்யலாம். சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், மஞ்சள், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், உப்பு ஆகியவற்றைத் தவிர அதில் எதுவுமில்லை. மசாலாத் தூள் போட்டால் அது பள்ளிபாளையம் கோழியே இல்லை என்று அந்த மெஸ்ஸை நடத்தும் அம்மா அடித்துச் சொன்னார். தட்டில் இருந்த ஒன்றுகூடக் கப்பலேறி வந்ததில்லை, இதில் டாலருக்கு வேலையில்லை என்று நான் வாயெடுத்தேன். "அடுப்பு எதுல எரியுதுங்க கண்ணு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய அறுபது சதவீதம் இறக்குமதி என்பதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பளமும் வடையும் பொரிக்கும் பாமாயிலோ இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. இரண்டு பேருக்கு 540 ரூபாய் ஆயிற்று. இன்னும் ஐம்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறுநாள்தான் அந்தக் கார். சென்னிமலையில் கைத்தறிப் போர்வை இரண்டு வாங்கிக்கொண்டு, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போனோம். சங்கப் பாடல் கொடுமணம் என்று குறிக்கும் இந்த ஊரில் பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை; வயலும் வெயிலும்தான். ஆனால் இங்கே பட்டை தீட்டிய மணிகள் மேற்குக் கடற்கரை வழியே ரோம் வரை போயின. பதிலுக்கு வந்த நாணயங்கள் கரூரிலும் கோவையை அடுத்த வெள்ளலூரிலும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வெள்ளலூரில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ காசிலிருந்த வெள்ளியைக் குறைத்தார்; அதன்பின் நம் வணிகர்கள் பழைய, கனமான காசையே விரும்பினார்கள் என்று நாணயவியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். நாளிதழ் இல்லாத காலத்திலும் காசின் தேய்மானத்தை எடைபோட்டே கண்டுபிடித்தவர்களின் ஊரில் நின்றுகொண்டிருந்த எனக்கு, பணம் மாற்றும் கடையில் ஏமாந்து நின்ற என் முகம் நினைவுக்கு வந்தது.

இப்போது அந்த 2,800 ரூபாய். ஓட்டுநர் சொன்னது கேட்க நியாயமாக இருந்தது. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருவதால், ரூபாய் விழுந்தால் டீசல் ஏற வேண்டும். ஆனால் ஏறவில்லை. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு பங்க்கில் விலை அன்றுவரை ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. கச்சா எண்ணெய் பீப்பாய் 65 டாலருக்குக் கீழே இறங்கிக் கிடந்ததால், ரூபாயின் சரிவு அதற்குள் அமுங்கிவிட்டது. இதை நான் சொல்ல, அவர் டயர் விலை, காப்பீடு, மாதத் தவணை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் 2,400-க்கு முடிந்தது. அந்த 200 ரூபாய் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தேவையென்றால் தேவை என்று கேட்டிருக்கலாம். எதற்கு டாலரை இழுக்க வேண்டும்?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கல்லூரி நண்பனிடம், "உனக்கென்னடா, டாலர் ஏற ஏறக் கொண்டாட்டம்தானே" என்றேன். அவன் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதினான். 3 டாலர் சட்டை, டாலர் 85 ஆக இருந்தபோது 255 ரூபாய்; 90 ஆனால் 270 ரூபாய். 15 ரூபாய் லாபம் என்று நாம் நினைக்கும்போதே, வாங்குபவரும் அதே செய்தியைப் படித்துவிட்டு 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறார், 2.85 டாலருக்கு 256 ரூபாய் 50 காசு. மிஞ்சுவது ஒன்றரை ரூபாய். சாயத்தில் ஒரு பகுதியும் இயந்திர உதிரிபாகங்களும் இறக்குமதி என்பதால், அந்த ஒன்றரை ரூபாயும் தங்குவதில்லை. பழைய ஆர்டர்களுக்குப் பின்னால் வரவேண்டிய டாலரை ஆகஸ்டிலேயே முன்கூட்டி வங்கியிடம் 88 என்று ஒப்பந்தம் போட்டு விற்றுவிட்டதால், 90 என்பது அவனுக்கு வேடிக்கை பார்க்கும் விலைதான். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரிக்கு முன் இந்த ஐந்தாறு சதவீதச் சரிவெல்லாம் எந்த மூலைக்கு என்று கேட்டுவிட்டு, சீட்டைக் கசக்கி எறிந்தான். அவனே இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தான், நான் தடுக்கவில்லை.

வெளிநாடு போயே ஆக வேண்டும் என்பவர்கள், நம்மைவிட வேகமாகப் பணம் விழுந்த நாட்டைத் தேடுங்கள். 2024-இல் டாலருக்கு 160 யென் வரை போன ஜப்பானுக்கு அந்த ஆண்டில் 3.6 கோடிக்கும் மேற்பட்டோர் போனதில் விலை மலிவுக்கும் பங்குண்டு. மூன்று நாளுக்கு எங்கள் செலவு, போர்வையும் சேர்த்து, 9,150 ரூபாய்.

வீடு வந்து சேர்ந்த இரவே சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறானாம். நாங்கள் சுற்றிய இடங்களையெல்லாம் காரில் பார்க்க வேண்டுமாம். அந்த ஓட்டுநரின் எண்ணையே அனுப்பிவைத்தேன். 2,800 ரூபாய் என்றாலும் அவனுக்கு 40 சிங்கப்பூர் டாலர்தான். போன ஜனவரியில் வந்திருந்தால் 44 ஆகியிருக்கும்.