வட்டமாக நிற்கும் கல்லறைகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரத்திலிருந்து வடமேற்கே காரில் அரை மணி நேரம் போனால் ராக்கி டாப் என்ற ஊர். 2014 வரை லேக் சிட்டி, அதற்கும் முன்னால் கோல் கிரீக். டென்னசி நிலக்கரிக் கதை எல்லாம் அந்தப் பழைய பெயரில்தான் கிடக்கிறது.

முதலில் லீச் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நடுவில் ஒரு நினைவுத் தூண். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக 89 பேரின் கல்லறைகள். எல்லோருக்கும் சாவைக் கொண்டுவந்தது ஒரே வெடிப்பு: 1902 மே 19, திங்கட்கிழமை காலை. ஃப்ரேட்டர்வில் சுரங்கத்தில் தேங்கியிருந்த வாயு வெடித்து 216 பேர் போனார்கள். வெடிப்பில் தப்பிய சிலர் உள்ளே ஓரிடத்தை அடைத்துக்கொண்டு, நச்சுக்காற்று வந்து சேரும்வரை வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஜேக்கப் வவல் தன் மனைவி எலனுக்கு எழுதினார். பக்கத்தில் 14 வயது மகன் எல்பர்ட். கடவுளே, இன்னும் ஒரே ஒரு மூச்சு கிடைக்காதா என்று அதில் ஒரு வரி. அந்த வரியை நினைத்துக்கொண்டு வட்டத்துக்குள் நின்றபோது கால் நகரவில்லை.

அப்புறம் பக்கத்துச் சுரங்க ஊரான பிரைஸ்வில். அங்கே வேல்ஸிலிருந்து வந்த தொழிலாளர்கள் 1888இல் கட்டிய தேவாலயம் குன்றின்மேல் இருக்கிறது. 1892இல் இதே தேவாலயத்தில்தான் மாநிலப் படை சுரங்கத் தொழிலாளர்களை அடைத்துவைத்தது.

காரணம், கைதிக் குத்தகை. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய வேலையை விட்டுவைத்தது. அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. டென்னசி தன் கைதிகளைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. பெரும்பாலும் கறுப்பர்கள், சில்லறைத் திருட்டுக்குப் பிடிபட்டவர்களும் அதில் உண்டு. 1891 ஜூலையில் பிரைஸ்வில்லில் வேலையை விட்டு விலக்கப்பட்டவர்களின் இடத்துக்குக் கைதிகள் வந்தார்கள். தொழிலாளர்கள் துப்பாக்கியோடு, கைதிகளை அடைத்துவைத்திருந்த கொட்டடியை வளைத்து, கைதிகளை ரயிலேற்றி நாக்ஸ்வில்லுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார். அக்டோபர் 31 இரவு கொட்டடியே எரிந்தது, கைதிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

படையை வைத்து அடக்கியும், 1896 தொடக்கத்தில் முடிந்த குத்தகையை மாநிலம் புதுப்பிக்கவில்லை. தொழிலாளர்கள் வென்றார்கள் என்று இதைச் சொல்வதுண்டு. சொல்லலாம். ஆனால் யாருடைய வெற்றி என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே மலையைச் சுற்றிக்கொண்டு பெட்ரோஸில் உள்ள பிரஷி மவுண்டன் சிறைக்கும் போனேன்.

மூன்று பக்கமும் செங்குத்தான காடு, நடுவே கோட்டை மாதிரிக் கற்கட்டடம். 2009இல் மூடிவிட்டார்கள்; இப்போது பார்வையாளர்கள் வரலாம். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே 1977இல் தப்பியோடி மூன்று நாளைக்குள் பிடிபட்டது இங்கிருந்துதான். வருகிறவர்கள் பலருக்கு அதுவே போதும். எனக்கு வேண்டியிருந்தது 1896. குத்தகை முடிந்த அதே ஆண்டில் மாநிலம் இந்தச் சிறையைத் திறந்தது, நிலக்கரி மேலேயே. கம்பெனிக்கு வெட்டிய கைதி இனி அரசாங்கத்துக்கு வெட்டினான். மண்வெட்டி அதேதான், இருட்டும் அதேதான்.

திரும்பும்போது வெளிச்சம் இருந்ததால் லீச் தோட்டத்தில் மறுபடி இறங்கினேன். தூணில் செதுக்கிய பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பிரைஸ்வில்லிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும்.