பள்ளிக்கூட வாசலில் சிகரெட்: முறைப்பாடு கொடுக்கப் போய் அலைந்த கதை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்கிறார்கள் என்று முறைப்பாடு எழுதப் போகிறீர்களா? கடிதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ‘100 யார்’ தூரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு சொல்லால் எனக்கு மூன்று நாள் போனது. பஸ் காசு வேறு.

நான் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பெரிய பதவியென்று நினைக்க வேண்டாம். அதிபர் கேட்டார், வேறு யாரும் கை உயர்த்தவில்லை, அவ்வளவுதான். ஊர், இலங்கையின் வடக்கே பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊர். பெயர் வேண்டாம். கடைக்காரரை இன்றைக்கும் நாளுக்கு இரண்டு தரம் பார்க்கிறேன்.

விசயம் தெரிய வந்தது கொய்யா இலையால். மகன் தரம் 10. உடுப்புத் தோய்க்கும்போது வெள்ளைச் சட்டைப் பையில் கசக்கிய கொய்யா இலை, பச்சைக் கறையோடு. ஒரு நாள் என்றால் பரவாயில்லை, வாரத்தில் மூன்று நாள். விரலில் தேய்த்தால் சிகரெட் மணம் போகுமாம். இருத்தி வைத்துக் கேட்டபோது எல்லாம் வந்தது. நாலு பேர் காசு சேர்த்து ஒரு சிகரெட், இடைவேளையில் மதகுக்குக் கீழே. பெட்டியில் 80 வீதத்துக்குப் புண்ணும் புற்றுநோயும் படமாகப் போட்டுத்தான் விற்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் பெட்டி வாங்குகிறவன் யார்? கடைக்காரர் பெட்டியை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு ஒன்று ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறார். பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

நேரே கடைக்குப் போனேன். முன்பெல்லாம் தும்புக்கயிறு புகைந்துகொண்டு தொங்கும் அதே தூணில் இப்போது லைட்டர் ஒன்று நூலில் தொங்குகிறது. பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில்.

“அண்ணை, பள்ளிக்கூடப் பொடியளுக்குச் சிகரெட் குடுக்கிறியளோ?”

“அப்பாவுக்கு எண்டு சொல்லித்தான் வாங்கிறாங்கள் தங்கச்சி. நான் என்ன, பின்னால போய்ப் பாக்கிறதே?” என்றவர் கொஞ்சம் பொறுத்து, “உங்கட மனுசனும் மகனைத்தானே அனுப்பிறவர்” என்றார்.

அது உண்மை. இரவு எட்டு மணிக்கு மேல் ‘ஓடிப்போய் ஒண்டு வாங்கிக்கொண்டு வா’ என்று என் வீட்டுக்காரர் அனுப்பியதை நானே எத்தனையோ தரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆகவே முதல் குறிப்பு: முறைப்பாடு எழுத முன்னம் வீட்டைப் பாருங்கள். அன்றிரவு வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை. மகனைக் கடைக்கு அனுப்புவது நின்றது. புகைத்தலை விட ஆலோசனை சொல்லும் 1948 என்ற எண்ணை அவருடைய போனில் நானே பதிந்து கொடுத்தேன். அடிக்கிறாரா என்று தெரியாது, அழிக்கவில்லை.

சரி, கடிதம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் எப்போதோ பார்த்தது மனதில் இருந்தது: பள்ளியிலிருந்து 100 யாருக்குள் புகையிலை விற்கக்கூடாது. அடி வைத்து அளந்தேன், கடை அதற்குள்தான் வருகிறது. அழகாக எழுதி, ஐந்து பேருக்குப் பிரதி போட்டு, போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தார். வாசித்தார். எழுந்து போய் ஜன்னலால் துப்பிவிட்டு வந்து, “வியாபார உரிமம் எங்கட அலுவல், சிகரெட் எங்கட அலுவல் இல்லை” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “இப்பிடியே போனா வெத்திலைக் கடையையும் மூடச் சொல்லுவியள் போல” என்றார். புகையிலையும் சேர்த்துத்தான் போட்டிருந்தார், மணத்திலேயே தெரிந்தது. கடிதத்தை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் பொலிஸ். காலை போய் மதியம் வரை வாங்கில். என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, கையெழுத்துப் போட மறுத்தேன். தமிழ் தெரிந்த ஒருவர் வந்ததும் அவர் கேட்டது, “எந்தப் பிள்ளை? அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கோ.” என் மகனைக் கொண்டுபோய் அந்த வாங்கில் இருத்தவா? திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) தேடிப் போனேன். அவர் வெளிக்களத்தில் என்றார்கள். எங்கள் பகுதிப் பி.எச்.ஐ. அலுவலகத்தில் இருப்பது சனிக்கிழமை காலையாம். போக முன்னம் ஒரு போன் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் அடியுங்கள்.

சனிக்கிழமை பிடித்தேன். சின்னப் பொடியன், என் தம்பி வயது. கடிதத்தை வாசித்துவிட்டு, “அக்கா, இந்த 100 யார் இந்தியாச் சட்டம்” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. “இஞ்ச உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வயது” என்று விளக்கினார். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம். 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. அப்பாவுக்கு வாங்கினாலும், அம்மம்மாவுக்குச் சுருட்டு வாங்கினாலும், கை நீட்டி வாங்குகிறவரின் வயதுதான் கணக்கு. அப்படி விற்கமாட்டோம் என்ற அறிவித்தலும் கடையில் தெரியும்படி இருக்கவேண்டும். எங்கள் அண்ணையின் கடையில் லட்சுமி படமும் றீலோட் விளம்பரமும்தான் இருக்கின்றன.

பிள்ளையின் பெயர் தேவையில்லை என்றார். திகதி, நேரம், சீருடையில் இருந்தார்களா, எத்தனை தரம் கண்டேன், அவ்வளவும் போதும். அவருடைய மேசையிலேயே புதுக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம், பிரதி ஒருவருக்கும் இல்லை.

அதோடு முடியவில்லை. முதல் தரம் அவர் வந்தபோது சந்தியில் யாரோ மோட்டார்சைக்கிளை அடையாளம் கண்டு போன் அடித்துவிட்டார்கள். லாச்சிக்குள் பிஸ்கட் பக்கெட். இரண்டாம் தரம் வேறொருவரின் வண்டியில், இடைவேளை மணி அடிக்கிற நேரத்துக்கு வந்தார். கையும் களவுமாக. சிகரெட்டோடு, புகையிலை கலந்த பாக்குப் பக்கெட்டுகளும் அகப்பட்டன. அந்த வகை 2016 இலேயே தடை செய்யப்பட்டது, அதைத் தகரத்துக்குள் அரிசிக்குக் கீழே வைத்திருந்தார். நீதிமன்றம், தண்டப்பணம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அலுவலகங்களை விட ஊர்தான் எனக்குக் கூடப் பாடு தந்தது. கடைக்கார அண்ணை 2009 இறுதி யுத்தத்தில் மாத்தளனில் ஒரு காலை இழந்தவர். அந்தக் கடை அவருக்கு மறு கால் மாதிரி. “அந்த மனிசன்ர வயித்தில அடிச்சுப்போட்டாள்” என்று கிணற்றடியில் என் காது கேட்கவே சொன்னார்கள். ஒரு கிழமை என் வீட்டு வேலியால் யாரும் கதைக்கவில்லை. எங்கள் அப்பா வழி ஆட்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரர். பெரியப்பா, “போயிலை வித்த காசிலதான் உன்ர கொப்பன் படிச்சவன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. வைரவர் மடைக்குச் சுருட்டு வைக்கிற ஊர் இது. செத்த வீடென்றால் வெற்றிலைத் தட்டத்தில் பாக்கோடு பீடியும் சிகரெட்டும் அடுக்கி வைப்பதுதான் மரியாதை.

கடையில் இப்போது அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. லைட்டர் உள்ளே போய்விட்டது. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் அடுத்த சந்திக் கடைக்குச் சைக்கிள் விடுவதாகக் கேள்வி. அந்தக் கடைக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை போகவேண்டும்.

போன மாதம் மாமி மோசம் போனா. எங்கள் வீட்டில்தான் எடுத்தது. தட்டத்தில் சிகரெட் வைக்க மாட்டேன் என்று நின்றேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் எனக்குத் தெரியாமல் மச்சாள் தன் மகனிடம் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினா. பத்தொன்பது வயது, மீசையும் தாடியும், ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். கால் மணித்தியாலத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

“தரமாட்டாராம். அடையாள அட்டை கேக்கிறார். இருபத்தொண்டு ஆகேல்லையாம்.”

“செத்த வீட்டுக்கு எண்டு சொன்னனியோ?”

“சொன்னனான். ‘ஆற்ற செத்த வீடு எண்டு தெரியும், அவதான் எழுதிப் போட்டவ, அவவிட்டயே போய்க் கேள்’ எண்டு சொல்லுறார்.”

பந்தலுக்குள் யாரோ சிரித்து, பிறகு இருமி மறைத்தார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்த தன் சுருட்டை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார்.