வேலுக்கு எத்தனை பெயர்?

அயில், அரணம், உடம்பிடி, எஃகம், குந்தம், சத்தி, ஞாங்கர், விட்டேறு. எங்கள் தமிழ் வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்புவித்த வரிசை இது. எல்லாம் வேலின் பெயர்கள். ஒப்புவித்து முடித்தால் உட்காரலாம். ஏன் இத்தனை என்று கேட்க நேரமிராது. மலர்க்குழுவினர் பள்ளிக்கூட நினைவாக ஏதாவது எழுதச் சொன்னபோது, அந்த விடுபட்ட கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டது.

அந்த வரிசை நிகண்டிலிருந்து வந்தது: ஒத்த சொற்களைச் செய்யுளில் திரட்டித் தரும் பழைய அகராதி. யாழ்ப்பாணத்துக்கு நிகண்டு புதிதன்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை ஆறுமுக நாவலர் உரையோடு 1849 இல் சென்னையில் அச்சிட்டார். அதில் 12 தொகுதிகள். ஆயுதப் பெயர்கள் ஏழாவதான செயற்கைவடிவப் பெயர்த் தொகுதியில் வரும். முந்திய நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. சூடாமணி விருத்தத்தால் ஆனது. பாடமாக்குவதற்கு விருத்தம் வசதி: ஓசை கையைப் பிடித்து அடுத்த சொல்லுக்குக் கொண்டுபோய்விடும். அதுவே அதன் குறையும். ஓசையோடு போகிறவன் சொற்களின் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

வேறுபாடு உண்டு. சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும்போது ‘கோலும் குந்தமும் வேலும் பிறவும்’ என்கிறது. குந்தமும் வேலும் ஒன்றேயானால் இளங்கோ இரண்டையும் ‘உம்’ போட்டு எண்ணியிருக்க மாட்டார். நிகண்டுக்காரர் இனத்தைப் பார்த்து ஒன்றாகக் கட்டினார். மதிலில் நின்றவனுக்கு அவை இரண்டு படைகள். குந்தம் இன்று தனியே வழங்குவதில்லை, செங்குந்தர் என்ற பெயருக்குள் இருக்கிறது.

எஃகமும் அப்படித்தான். எஃகு முதலில் உலோகம், பிறகே படை. சங்கப் பாட்டில் எஃகம் என்று வந்தால் அது வேலா வாளா என்று முன்பின் அடிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ‘செறுநர் செருக்கறுக்கும் எஃகு’ என்ற குறளில் (759) வேல் என்று மட்டும் உரை எழுதினால் பொருள் குறுகிவிடும். அயிலுக்கு அடிப்படைப் பொருள் கூர்மை. அதனால்தான் ‘அயில்வேல்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. விட்டேறு என்ற சொல்லிலேயே கைவிட்டு எறிவது தெரிகிறது. சத்தி வடசொல், அங்கேயும் வேல் என்ற பொருள் உண்டு. முருகனுக்குச் சத்திதரன் என்ற பெயர் அதனால் வந்தது. அப்படிப் பார்த்தால் சத்திவேல் ‘கேட்டு (gate) வாசல்’ போல ஒரே பொருளை இருமுறை சொல்வதாகும். அன்னை கொடுத்த வேல் என்று கொள்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வடிவேல் என்பதை ‘வடிவு’ என்று தொடங்கிப் பிரிக்கிறவர்கள் பலர். அது வடி + வேல், வினைத்தொகை. அடித்துக் கூராக்கிய வேல். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்று பொன்முடியார் (புறம் 312) பாடுவதும் அந்த வடித்தலைத்தான்.

படையின் உறுப்புகளை அறிய ஔவையாரின் புறநானூறு 95 ஒன்றே போதும். அதியமானின் தூதாகப் போனவர், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியது. அங்கே வேல்களுக்குப் பீலி அணிந்திருக்கிறது, மாலை சூட்டியிருக்கிறது, ‘கண்திரள் நோன்காழ்’ திருத்தியிருக்கிறது, நெய் பூசியிருக்கிறது. காழ் என்பது கைபிடிக்கும் காம்பு. நோன்காழ் வலிய காம்பு. நெய் அலங்காரத்துக்கன்று, துருப் பிடிக்காமல் இருக்க. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி, கோடும் நுதியும் சிதைந்து, கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன. நுதி முனை, கோடு அலகின் ஓரம். குத்துகிற படைக்கு முதலில் பழுதாவது இந்த இரண்டும்தான்: எலும்பிலும் கேடயத்திலும் மோதினால் முனை மழுங்கும், இழுத்தெடுக்கும்போது ஓரம் முரியும். நெய் பூசிய வேல் வேலைக்குப் போகாத வேல் என்பதை ஔவை புகழ்வதுபோலச் சொல்லிவிடுகிறார். எங்கள் வகுப்பில் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாக மட்டும் படித்துவிட்டுப் போனோம். பட்டறை யார் கண்ணிலும் படவில்லை.

சரி, உடம்பிடியும் ஞாங்கரும் எதற்கு? இதற்கு விடை கோவிலில் இருந்தது. கந்தபுராணப் படிப்பில் ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். சூரபன்மன் வதையில் வரும் அடி:

ஏயென முருகன் தொட்ட இருதலை படைத்த ஞாங்கர்

‘தொட்ட’ என்றால் இங்கே கையால் தொட்டதன்று, செலுத்திய என்று பொருள். அறுசீர் விருத்தம் இது, அடிக்கு ஆறு சீர். விளம், மா, தேமா என்ற சீர் வாய்பாட்டில் நடந்து, திரும்பவும் விளம், மா, தேமா என்று முடியும். கடைசிச் சீர் தேமாவாக வேண்டும். வேல் ஒற்றை நேரசை, அந்த இடத்தை நிரப்பாது. ஞாங்-கர், நேர் நேர், சரியாக உட்காரும். அதே படலத்தில் இன்னொரு செய்யுள் ‘உடம்பிடித் தெய்வம்’ என்று தொடங்குகிறது. அங்கே முதற்சீருக்கு விளம் வேண்டும்: உடம்-பிடித், நிரை நிரை, கருவிளம். அடுத்த அடி ‘மடம்பிடித்திட்ட’ என்று வருவதால் எதுகையும் கிடைத்துவிட்டது. கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு ஒத்த சொல் என்பது தச்சனின் பெட்டியில் கிடக்கும் வெவ்வேறு அளவு உளிபோல. அயிலை நிரையசைக்கும், எஃகம், குந்தம், சத்தி மூன்றையும் தேமாவுக்கும், அரணத்தைப் புளிமாவுக்கும், விட்டேறைத் தேமாங்காய்க்கும் எடுக்கலாம். அசைபிரிப்பையும் நிகண்டையும் ஒரே பாடவேளையில் நடத்தியிருந்தால் இரண்டும் இலகுவாக ஏறியிருக்கும்.

பிழை விடும் இடங்களையும் சொல்லவேண்டும். அரணம் என்றால் கோட்டை, கவசம் என்றும் பொருள். காக்கும் பொருளும் குத்தும் பொருளும் ஒரே சொல்லில். ஞாங்கர் ‘பக்கம்’ என்ற பொருளிலும் வரும். குந்தம் ஒரு கண்ணோயின் பெயருமாகும். வேலே ஏமாற்றும்: ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வேல் கருவேல மரம். தனிச்சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்கும் வினாத்தாள்கள் இதனால்தான் வில்லங்கம் பிடித்தவை.

ஈட்டி எங்கள் மனனப் பட்டியலில் இருக்கவில்லை, ஆனால் பேச்சில் நிலைத்தது அதுதான். கடனை நெருக்கிக் கேட்பவன் ஈட்டிக்காரன். மெய்வல்லுநர் போட்டியில் எறிவதும் ஈட்டியே. வேல் எறிதல் என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆண்களுக்கான ஈட்டி 800 கிராம், நீளம் 2.6 முதல் 2.7 மீட்டர். முனை முதலில் நிலத்தைத் தொடாவிட்டால் எறிதல் கணக்கில் வராது. 1984 இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார். தட்டையாக விழுந்து தகராறு தந்த ஈட்டிகளும் அப்போது அதிகம். அதனால் 1986 இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்ரிமீட்டர் முன்னுக்குத் தள்ளினார்கள். இப்போது மூக்கு விரைவில் கீழே சாய்கிறது, தூரம் குறைகிறது.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் மூலத்தானத்தில் இருப்பது வேல். அதை ஈட்டி என்று சொல்ல எவருக்கும் நா வராது; இலைபோல் அகன்ற தலையும் காம்பும் பார்த்தவுடன் தெரியும். மூன்று முனை இருந்தால் அது சூலம். வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளித் தாள்களைத் திருத்துகிறவர்கள், வேலுக்கு ஒத்த சொல்லாகப் பிள்ளை ‘சூலம்’ என்று எழுதினால் புள்ளி போடவேண்டாம். ‘ஈட்டி’ என்றால் அரைப்புள்ளி. ‘ஞாங்கர்’ என்று எழுதிவிட்டால், வீட்டில் யார் கந்தபுராணம் படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.