எரிவாயுக் குழாய் கடக்கும் நிலத்தைச் சோலார் பண்ணைக்குக் குத்தகை விட்ட அனுபவம்

எங்கள் தோட்டப் பட்டணத்தில் மூன்று உடன்பிறப்புகளுக்குச் சொந்தமான நிலத்தைச் சோலார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடும் பத்திரம் அண்மையில்தான் பதிவாகி முடிந்தது. சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்று நிறுவனத்தின் ஆட்கள் அவர்களுக்கு உறுதி சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த நிலத்தைக் குறுக்கே கடந்து செல்லும் எரிவாயுக் குழாயின் பழைய காகிதங்கள் ஓராண்டுக்கும் மேலாக அவர்களையும் அவர்களின் வழக்கறிஞரான என்னையும் அலைக்கழித்தன. தோட்டப்புறங்களில் நிலம் கேட்டு வருவோர் பெருகிவரும் இந்நாளில், அடுத்துக் கையெழுத்திட இருப்பவர்களுக்கும் அவர்களுக்காக நிற்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் எண்ணெய், எரிவாயுச் சட்டத்தில் பழகியவள். 2014 இறுதியில் எண்ணெய் விலை சரிந்தபின் அந்த வேலை சுருங்கியது. ஊருக்குத் திரும்பிச் சிறிய அலுவலகம் தொடங்கினேன். 2050க்குள் நிகர சுழியக் கரிம வெளியேற்றம் என்ற இலக்கோடு 2023இல் தேசிய எரிசக்தி மாற்றுத் திட்டம் வெளியான பிறகு, சோலார் குத்தகைகள் என் மேசைக்கு வரத் தொடங்கின. பெட்ரோலிய ஒப்பந்தங்களில் கற்றவை செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே எதற்கு உதவும் என்று கேட்டவர்கள் உண்டு. அவைதாம் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றின.

தோட்டத் துண்டாடல் காலத்தில் வெள்ளையர் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் தகப்பனார் வாங்கிய நிலம் அது. கெர்த்தேயில் தொடங்கி சிகாமட்டில் தெற்காகவும் மேற்காகவும் பிரியும் தீபகற்ப எரிவாயுக் குழாயின் மேற்குக் கிளைக்காக, 1990களின் தொடக்கத்தில் அந்த நிலத்தின் நடுவே ஒரு நிலப்பட்டை, 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது. இழப்பீடும் கிடைத்தது. நிலப்பட்டாவில் மட்டும் எதுவும் மாறவில்லை. குடும்பத்தாரோ பட்டை போன பின்னும் முழுப் பரப்பளவுக்கே ஆண்டுதோறும் நிலவரி செலுத்திவந்தார்கள்.

தகப்பனார் பெயரிலிருந்த பட்டாவைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிய சிறு சொத்துப் பகிர்வு விசாரணை தடையின்றி முடிந்தது. சிக்கல் அதன் பிறகே தொடங்கியது. விவசாய நிலத்தில் சோலார் பண்ணை அமைக்க வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் நிலப் பயன்பாட்டு நிபந்தனையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம், நிலத்தைக் குழாய்ப் பட்டை கடக்கிறது, ஆனால் பட்டாவில் அது காட்டப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சரி, பட்டாவைத் திருத்தித் தாருங்கள் என்று அதே நில அலுவலகத்தின் அடுத்த முகப்புக்குச் சென்றால், அங்கிருந்த ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்தில் முழு லாட் என்றுதான் இருக்கிறது, புவான். பட்டை எதுவும் எடுக்கப்படவில்லை" என்றார். லாட் என்பது அளந்து எண்ணிட்ட நிலத்துண்டு. ஒரே கூரையின் கீழ் ஒரு முகப்பு பட்டை இருப்பதால் மறுக்கிறது. மறு முகப்பு அப்படியொரு பட்டையே இல்லை என்கிறது.

எடுக்கப்பட்டது உண்மையானால் போராங் கே கொண்டு வாருங்கள் என்றார்கள். நிலத்தைக் கைப்பற்றியதை அறிவிக்கும் அந்தப் படிவத்தை வெளியிடுவதே நில நிர்வாகிதான். தாம் வெளியிட்ட காகிதத்தை எழுபதைக் கடந்த ஒரு தோட்டத்து அம்மாளிடம் கேட்பது எந்த வகையில் நியாயம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. குடும்பத்திடம் இருந்தது இழப்பீட்டுத் தொகையை அறிவித்த போராங் ஹெச் மட்டுமே. அது போதாது, பழைய கோப்பு இடமாற்றத்தின்போது எங்கே போனதென்று தெரியவில்லை, அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "நாங்கள் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறார்களா, லாயரம்மா?" என்று மூவரில் மூத்தவரான பெரியக்கா கேட்டபோது அவர் குரலிலிருந்த அவமானம் என்னை மிகவும் சுட்டது.

வழி நில அளவைத் துறையில் கிடைத்தது. கட்டணம் செலுத்திச் சான்றளிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். பட்டை தனி லாட்டாக எப்போதோ அளக்கப்பட்டு, இருபுறமும் எஞ்சிய நிலத்துக்கும் தனித்தனி எண்கள் இடப்பட்டிருந்தன. அளவை முடிந்தும், பிரிந்த துண்டுகளுக்குப் பழைய பட்டாவுக்குப் பதிலாக வர வேண்டிய தொடர் பட்டா வழங்கப்படாமல் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். வரைபடத்தின் ஓரத்தில் நில அலுவலகக் கோப்பு எண்ணும் இருந்தது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, வரைபடத்தை இணைத்து, முகப்பில் பேசாமல் நில நிர்வாகிக்கே கடிதம் எழுதிப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினேன். காணாமற்போன கோப்பு அதன் பிறகு கிடைத்துவிட்டது. பட்டைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் எஞ்சிய துண்டுகளுக்கு இரண்டு புதிய பட்டாக்கள் வந்தன. ஆகவே குழாய், மின்கம்பிப் பாதை, நெடுஞ்சாலை எதுவானாலும் உங்கள் நிலத்தைக் கடக்குமானால், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன் சாரியான் ரஸ்மி எனப்படும் நிலப் பதிவேட்டின் அதிகாரபூர்வத் தேடலையும் அளவை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பரப்பளவை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாகச் செலுத்திய நிலவரியைத் திருப்பித் தரக் கோரிய விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

பட்டா பிரிந்ததால் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு லாட்டின் ஒரு பகுதியை மட்டும் குத்தகைக்கு விட்டால் சட்டப்படி உச்ச வரம்பு 30 ஆண்டுகள். முழு லாட்டை விட்டால் 99 ஆண்டுகள். குத்தகைக்குக் கேட்ட கிழக்குத் துண்டு இப்போது முழு லாட்டாகிவிட்டதைக் கண்ட நிறுவனத்தின் வழக்கறிஞர், மறு வரைவிலேயே காலத்தை நீட்டி எழுதினார். அதை மீண்டும் 25 ஆண்டுகளுக்குக் குறைத்தோம்.

துணைமின் நிலையம் மேற்கே இருந்ததால் நிறுவனத்தின் மின்வடம் குழாய்ப் பட்டையைக் கடந்தாக வேண்டும். எஃகுக் குழாய் துருப்பிடிக்காமலிருக்க அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துப் பாதுகாப்பது வழக்கம்; அருகிலுள்ள மின்வடமும் சோலார் அமைப்பிலிருந்து கசியும் மின்சாரமும் அந்தப் பாதுகாப்பைக் குலைக்கக்கூடும். குழாய்த் தரப்பு அதற்கான நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி இசைவு தந்தது. ஆனால் நிறுவனம் அனுப்பிய குத்தகை வரைவில், குழாய்க்கு நேரும் எந்தச் சேதத்துக்கும் நிலக்காரர்களே ஈடுசெய்ய வேண்டும் என்ற ஒரு வரி, காப்புறுதி பற்றிய பத்திக்குள் செருகப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி எத்தனை வீடுகளை அழித்தது என்பதை நாடே பார்த்தது. அத்தகைய இழப்பை மறைந்த ஒரு பால்மரத் தொழிலாளியின் பிள்ளைகள் தலையில் வைப்பதா? கடலில் துளையிடும் ஒப்பந்தங்களில் அவரவர் ஆட்களுக்கும் அவரவர் சொத்துக்கும் நேரும் சேதத்தை அவரவரே ஏற்பதுதான் நெடுநாள் நடைமுறை. அதை எடுத்துக்காட்டி, மின்வடம் பதிப்பவரே அதன் விளைவுகளையும் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். பல வாரங்கள் இழுத்தபின் அந்த வரி நீங்கியது. இவ்வழக்கில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது இதுதான்.

குத்தகை முடிந்தபின் சோலார் அமைப்பை அகற்றும் செலவில்தான் கடைசிவரை போராட வேண்டியிருந்தது. எண்ணெய் வயலில் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தக்காரர்கள், கடல்மேடைகளைப் பின்னாளில் அகற்றும் செலவுக்கென உற்பத்திக் காலத்திலேயே தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடம் ஒரு தொகையைச் செலுத்துகிறார்கள். தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் 2025இல் வந்த கரிமப் பிடிப்பு, பயன்பாடு, சேமிப்புச் சட்டமும், கரிமவளியைச் சேமித்த தளம் மூடப்பட்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிதியை ஏற்படுத்துகிறது. ஆனால் இந்தக் குடும்பத்தின் நிலத்தில் அறையப்படும் எஃகுத் தூண்களையும் ஆயிரக்கணக்கான தகடுகளையும் யார் பிடுங்குவார்கள் என்பதற்குக் குத்தகைப் பத்திரத்தில் எழுதியதே நிலக்காரருக்குக் காவல். வரைவில் இருந்ததோ "நியாயமான அளவில் அகற்றப்படும்" என்ற சொற்கள்; குத்தகைதாரரோ இந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கப்பட்ட, சொற்ப முதல் கொண்ட நிறுவனம். 25 ஆண்டுகளுக்குப் பின் அது கலைக்கப்பட்டுவிட்டால் யாரைப் போய்த் தேடுவது? முதல் நாளிலிருந்தே வங்கி உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் பதினைந்தாம் ஆண்டு என்றார்கள். ஐந்தாம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. உத்தரவாதம் புதுப்பிக்கப்படாவிட்டால் அது காலாவதியாவதற்கு முன்பே நிலக்காரர்கள் தொகையைக் கோரிப் பெறலாம் என்ற விதியையும் சேர்த்தோம்.

நிபந்தனை மாற்றத்துக்கான கட்டணத்தைக் கேட்டு வரும் நோட்டிஸ் 7ஜி குறித்தும் ஓர் எச்சரிக்கை. அதில் குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும்; நோட்டிஸோ நிலக்காரரின் முகவரிக்கு வரும், பணம் கட்ட வேண்டியவர் நிறுவனத்தார். தபால் வந்த அன்றே பெரியக்காவின் மகள் படம் எடுத்து எனக்கு அனுப்பியதால் தப்பினோம். உத்தரவாதத்தின் காலாவதி நாளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அந்தப் பெண்ணிடமே எழுத்தில் ஒப்படைத்து, நகலைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.