ரெண்டு படிப்பு, ஒரு பட்டம்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவிடம் சொன்னேன்: கணக்கியலோடு பொருளியலையும் இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுக்க யோசிக்கிறேன் என்று.

"ரெண்டு பட்டமாம்மா?"

"பட்டம் ஒண்ணுதான்பா. படிப்புதான் ரெண்டு."

"அப்ப எதுக்கு?" என்றார். செம்பனைக் குலையை டன் கணக்கில் அறுத்துக் கூலி வாங்கியவர், அப்படித்தான் கேட்பார்.

எதுக்கா? பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து "விலை இறங்கிடுச்சு" என்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஏன் இறங்குகிறது என்று யாரும் சொன்னதில்லை.

இரவு கணக்குப் போட்டேன். மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. விரிவுரை, வீட்டில் உட்கார்ந்து படிப்பது எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வார செமஸ்டரில் ஐந்து பாடம் என்றால் வாரத்துக்குச் சுமார் 43 மணி நேரம். ரெண்டு படிப்புக்காக ஏழு எடுத்தால் 60. சனி, ஞாயிறு டியூஷன் சொல்லிக்கொடுத்துத்தான் என் கைச்செலவே ஓடுகிறது. அதை எங்கே நுழைப்பது?

அப்புறம் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று புள்ளி சரிந்தால் அதுவும் போச்சு. (தூக்கம் போவதைப் பற்றி அம்மா தனியாக ஒரு மணி நேரம் பேசினார்.)

பாரத்தில் பொருளியலை மைனராக, அதாவது துணைப் பாடமாகக் குறித்துவிட்டேன்.

"அந்த விலை விஷயம்?" என்றார் அப்பா, மறுநாள் அதே மேசையில்.

"மைனர்லயும் வருதுப்பா."

"சரி, தே ஆறுது. குடி."